சிவப்புப் பையில் சங்கத்தின் பெயரைப் போடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். 14 பேர் தைக்கிறோம். உலக எயிட்ஸ் தினத்துக்காக 3,000 சிவப்புத் துணிப்பை தைத்துத் தரும்படி கொழும்புக் கொம்பனி ஒன்று கேட்டிருக்கிறது. கடையில் ஒரு பை 1,250 ரூபாவுக்கு விற்பார்களாம். 'இலாபத்தில் 10 வீதம் எயிட்ஸ் ஒழிப்புக்கு', 'ஒரு பை, ஒரு உயிர்' என்று பையில் அச்சடிப்பார்களாம். எங்களுக்கு வழமையாகப் பைக்கு 120 ரூபா. நல்ல காரியம் என்பதால் 100 ரூபாவுக்குத் தைத்துத் தரட்டாம். லேபிளில் சங்கத்தின் பெயரும் ஊரும் வரும். விளம்பரப் படத்துக்கு, பாதிக்கப்பட்ட பெண்கள் இரண்டு பேரை ஒழுங்கு பண்ணித் தர முடியுமா என்றும் கேட்டார்கள். சில பிள்ளைகளின் வீட்டில் 'எயிட்ஸ் பை தைக்கப் போக வேண்டாம்' என்கிறார்கள். மாரியில் எங்களுக்கு வேறு ஓடரும் இல்லை. கையொப்பம் வைக்கலாமா?
— சங்கச் செயலாளர்

பதில்: வணக்கம் சகோதரி. வேலையை எடுங்கள். 100 ரூபாவுக்கு எடுக்காதீர்கள். படத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்காதீர்கள். நாளைக்கே பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்த மூன்றும் போதும். நேரம் இருந்தால் மிச்சத்தையும் வாசியுங்கள், கூட்டத்தில் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த உதவும்.

முதலில் காசுக் கதையை முடிப்போம். சங்கங்களின் கணக்குப் புத்தகம் பார்ப்பது என் தொழில், அதனால் கை தானாக அங்கேதான் போகிறது. நீங்கள் எழுதிய விலையை வைத்து, இப்படியான பைகளுக்கு வழமையாக வரும் செலவுகளைப் போட்டுப் பார்த்தேன். 1,250 ரூபாவில் கடைக்காரரின் கழிவு 30 வீதம் என்றால் 375 ரூபா அங்கேயே போய்விடும். துணி, நூல், நாடா, அச்சு எல்லாமாக 400. உங்கள் தையல் கூலி 100. லொறிக் கூலி, விளம்பரம், கொம்பனியின் கந்தோர்ச் செலவு என்று 275. மிஞ்சுவது 100 ரூபா, அதில் 10 வீதம் 10 ரூபா. 3,000 பையும் ஒன்று விடாமல் விற்றால் எயிட்ஸ் ஒழிப்புக்குப் போவது 30,000 ரூபா.

இப்போது உங்கள் பக்கம். பைக்கு 20 ரூபா குறைத்தால் நீங்கள் விட்டுக் கொடுப்பது 60,000 ரூபா. கொம்பனி கொடுப்பதைப்போல இரண்டு மடங்கை மெஷினில் குனிந்திருக்கிற 14 பெண்கள் கொடுக்கிறார்கள். பையில் பெரிய எழுத்தில் வரப்போவது யாருடைய பெயர்? அதிலும் கொம்பனியின் 10 ரூபா உறுதியானது இல்லை. விளம்பரத்துக்குப் பைக்கு இன்னுமொரு 100 ரூபா செலவழித்தால் இலாபம் பூச்சியம், பூச்சியத்தில் 10 வீதமும் பூச்சியம். உங்கள் 20 ரூபா மட்டும் எப்படியும் போகும்.

அவர்களைக் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. இந்த வியாபார முறைக்கு நாற்பது வருடத்துக்கு மேல் வயது. 1983 இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், தன் கார்டை ஒவ்வொரு முறை பாவிக்கும்போதும் ஒரு சதத்தை நியூயோர்க் சுதந்திர தேவி சிலையின் திருத்த வேலைக்குக் கொடுப்பதாக அறிவித்தது. சிலைக்குச் சேர்ந்தது சுமார் 17 இலட்சம் டொலர். கார்டுப் பாவனையோ கால்பங்குக்கு மேல் கூடியது. அன்றைக்கு எல்லாக் கொம்பனிக்கும் விளங்கிவிட்டது, தர்மம் நல்ல விற்பனையாளன் என்று.

எயிட்ஸுக்கு இதைப் பெரிய அளவில் செய்தது 'புரொடக்ட் ரெட்' என்ற திட்டம்: கொம்பனிகள் அந்தப் பெயரில் பொருள் விற்று, வரும் காசில் ஒரு பங்கைக் கொடுக்கும். 2006 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மாநாட்டில் பாடகர் பொனோவும் பொபி ஷ்ரைவரும் தொடங்கிவைத்தார்கள். உடுப்பு, சப்பாத்து விற்கிற கேப், அர்மானி, கொன்வர்ஸ், அவற்றோடு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் எல்லாம் சேர்ந்தன. மோட்டோரோலா சிவப்புக் கைபேசி விட்டது, அப்பிள் 199 டொலர் சிவப்பு ஐபொட் நானோ விட்டு ஒன்றுக்கு 10 டொலர் கொடுத்தது. கேப் தன் சிவப்பு உடுப்புகளின் இலாபத்தில் பாதியைக் கொடுப்பதாகச் சொன்னது. காசு போனது ஜெனீவாவில் இருக்கும் உலக நிதியத்துக்கு. எயிட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்குமாக 2002 இல் தொடங்கிய நிதியம் அது. அங்கிருந்து கானா, லெசோதோ, ருவாண்டா, சாம்பியா போன்ற நாடுகளின் சிகிச்சைத் திட்டங்களுக்குப் போனது.

அடுத்த வருடமே சண்டை வந்தது. விளம்பரத்துக்குச் சுமார் 100 மில்லியன் டொலர் போயிருக்கிறது, நிதியத்துக்குப் போனது 18 மில்லியன்தான் என்று 2007 இல் அமெரிக்க விளம்பரத்துறைச் சஞ்சிகை ஒன்று எழுதியது. ரெட் தரப்பு மறுத்தது: விளம்பரக் கணக்கு மிகைப்படுத்தியது, சேர்ந்தது 25 மில்லியன், விளம்பரக் காசு கொம்பனிகள் எப்படியும் செலவழிக்கிற காசு. அந்தக் கடைசி நியாயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இன்றுவரை 700 மில்லியன் டொலருக்கு மேல் அவர்கள் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சின்னக் காசு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நிதியத்துக்கு வரும் காசில் 90 வீதத்துக்கும் மேல் அரசாங்கங்கள் கொடுப்பது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது ஆபிரிக்காவில் எத்தனையோ கிளினிக்குகள் தடுமாறிப் போயின. சிவப்புப் பொருட்கள் அப்போதும் கடையில் இருந்தன. அந்த ஓட்டையை அவற்றால் அடைக்க முடியவில்லை.

எயிட்ஸ் மருந்து எப்படி மலிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், 'ஒரு பை, ஒரு உயிர்' என்ற வாசகத்தைப் பற்றிக் கதைக்க அது வேண்டும். 2000 ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஒரு வருடத்து மருந்து 10,000 டொலருக்கும் மேல். 2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே மூன்று மருந்துச் சேர்க்கையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடம் 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. பிறகு மற்ற இந்தியக் கொம்பனிகளும் போட்டிக்கு வர, விலை சரிந்து கொண்டே போனது. 2023 இல் உலக நிதியம் ஒருவருக்கு வருடம் 45 டொலருக்கும் குறைவாக வாங்குகிற நிலை வந்தது. காப்புரிமையோடு மல்லுக்கட்டிய நோயாளர் இயக்கங்களும் மலிவு மருந்து செய்த கொம்பனிகளும் காசு போட்ட அரசுகளும்தான் இதைச் செய்தார்கள்.

டொலரை 300 ரூபா என்று வையுங்கள். 45 டொலர் 13,500 ரூபா. பைக்கு 10 ரூபா என்றால் ஒருவரின் ஒரு வருட மருந்துக்கு 1,350 பை விற்க வேண்டும். உங்கள் 3,000 பையும் விற்றால் இரண்டு பேருக்குக் காணும். ஒரு பைக்கு ஒரு உயிர் எங்கே இருக்கிறது? இந்த வாசகத்தின் கீழ் சங்கத்தின் பெயர் வர விடாதீர்கள். நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் கொழும்புக்குப் போகமாட்டார்கள். லேபிளில் இருக்கிற ஊருக்குத்தான் வருவார்கள்.

இன்னொன்று. இலங்கையில் எச்.ஐ.வி மருந்துக்கு நோயாளி காசு கொடுப்பதே இல்லை. 2004 இன் கடைசியிலிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் எடுக்கிற இரத்தத்தில் எச்.ஐ.வியும் சிபிலிஸ் என்ற பாலியல் நோயும் பார்க்கிறார்கள். உங்கள் அங்கத்தவர்களில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தங்களுக்கும் அது பார்க்கப்பட்டது தெரியாமலே இருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார அமைப்பின் சான்று இலங்கைக்குக் கிடைத்தது. கொம்பனி விற்க வந்த கதையை விட இது பெரிய கதை, ஆனால் இதை யாரும் பையில் அச்சடிக்கவில்லை.

அப்போ இங்கே என்ன குறை? ஆட்கள் பரிசோதனைக்கு வருவதில்லை. நாட்டில் தொற்று வீதம் இன்னும் குறைவுதான், ஆனால் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்கள் அண்மை ஆண்டுகளில் வருடத்துக்கு 600 ஐத் தாண்டிவிட்டார்கள். பிந்தி வருகிறவருக்கு மருந்து இருந்தும் உடம்பு தாங்காது. வன்னியில் இது இன்னும் சிக்கல். ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், வீட்டுக்குத் திரும்ப முன்னமே 'என்ன, சுகமில்லையோ?' என்று மூன்று பேர் கேட்டு முடிந்திருக்கும். கிளினிக் வாசலில் மணமாகாத ஒரு பெடியனையோ, கணவனை இழந்த ஒரு பெண்ணையோ கண்டால் பிறகு சொல்லத் தேவையில்லை. அதனால் கிளிநொச்சி ஆள் வவுனியாவுக்கும், முல்லைத்தீவு ஆள் யாழ்ப்பாணத்துக்கும் போகப் பார்ப்பார். அப்படிப் போகலாம், தடை இல்லை. கடிதமும் தேவையில்லை. பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் போகும்.

இப்போது படம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. கொம்பனி கேட்டது தெரியாத்தனமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் 'பாதிக்கப்பட்டவர்' என்று இரண்டு பேரைத் தேடத் தொடங்கினாலே காரியம் கெட்டுவிடும். செயலாளர் யாரிடம் போய்க் கேட்டார், யார் வீட்டுப் படலையில் நின்றார் என்பதே ஊருக்குப் போதும். சம்மதத்தோடுதான் என்று சொல்வார்கள். காசு தேவைப்படுகிற ஒருவரிடம் 5,000 ரூபாவை நீட்டி வாங்குகிற சம்மதத்தை நான் சம்மதமாக எடுக்கமாட்டேன். 2016 இல் குளியாப்பிட்டியில் நடந்தது நினைவிருக்கும். ஒரு சின்னப் பையனின் தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்று ஒரு வதந்தி. பிள்ளைக்குத் தொற்று இல்லை. இருந்தும் மற்றப் பெற்றோர் எதிர்த்ததால் தாயும் பிள்ளையும் அந்தப் பகுதியில் பள்ளிக்கூடம் கிடைக்காமல் அலைந்தார்கள். வெறும் கதைக்கே அந்தக் கதி என்றால், கொழும்புக் கடை வாசலில் மூன்றடி உயரப் படம் என்ன செய்யும்?

உங்கள் அங்கத்தவர்களின் படத்துக்கும் இதே பயம் உண்டு. சிரித்துக்கொண்டு மெஷினில் இருக்கிற பிள்ளையின் படத்துக்குக் கீழே சிவப்பு ரிபனும் 'எயிட்ஸ்' என்ற சொல்லும் வந்தால், பார்க்கிறவன் மிச்சத்தைத் தானே எழுதிக்கொள்வான். கல்யாணப் பேச்சு நடக்கிற வயதுப் பிள்ளைகள் உங்களிடம் இருப்பார்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால் மெஷினும் துணியும் கைகளும் மட்டும். முகம் வேண்டாம், ஊர்ப்பெயர் வேண்டாம்.

கொம்பனிக்காரருக்கு இது விளங்காது என்று நினைக்காதீர்கள். சொன்னால் விளங்கும். அவர்களுக்கு இது புதிது, எங்களுக்குப் பழசு. 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் பெயர்ப்பலகை இல்லாத கிணறு, மலசலகூடம், வீடு தேடிப் பிடிப்பது கஷ்டம். நான் கணக்குப் பார்க்கப் போன ஒரு சங்கத்தின் முற்றத்தில் குழாய்க்கிணறு ஒன்று இருந்தது. கிணற்றுக் கட்டின் மேல் மூன்று நிறுவனங்களின் சின்னம், நாலாவதாக ஒரு வங்கி. கைபிடி கழன்று போய் இருந்தது. திருத்தக் காசு கேட்டபோது நாலு பேரும் 'எங்கள் திட்டம் முடிந்துவிட்டது' என்றார்களாம். பலகை மட்டும் நல்ல பெயின்ற்.

சரி, வீட்டுக்காரர் சொல்கிற 'எயிட்ஸ் பை' கதைக்கு வருவோம். அவர்களோடு நீங்கள் வாக்குவாதப்படாதீர்கள், செயலாளர் சொன்னால் வேலைக்காகச் சொல்கிறாள் என்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, வேலை தொடங்க முதல் உங்கள் மாதக் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்பக் கேளுங்கள். பொதுச் சுகாதார பரிசோதகரோ குடும்பநல உத்தியோகத்தரோ வந்து கதைத்தால் எடுபடும். வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள், தேத்தண்ணியோடு. அவர்கள் கேட்கப்போகிற கேள்விகள் எனக்கு இப்போதே தெரியும். ஒரே மெஷினில் தைத்தால் தொற்றுமா? தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தால், நுளம்பு கடித்தால்? தொற்றாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தமும் ஊசியும், மருந்தெடுக்காத தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவில்கூடத் தொற்றுவதில்லை. இந்தக் கடைசி விசயத்தைப் படித்தவர்களே அறியாமல் இருக்கிறார்கள், வருகிறவரிடம் அதை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

இனிக் கடதாசி வேலை. கொம்பனியிடம் இரண்டு ஒப்பந்தம் கேளுங்கள். ஒன்று தையலுக்கு: பைக்கு 120 ரூபா, துணி அவர்களுடையது, பாதிக் கூலி முற்பணம், ஒப்படைத்து இத்தனை நாளில் மிச்சக் காசு. இதில் எயிட்ஸ் என்ற பேச்சே வரக்கூடாது. விற்றாலும் விற்காவிட்டாலும் தைத்ததற்குக் கூலி. மற்றது சங்கத்தின் பெயரைப் பாவிப்பதற்கு. அதில்தான் கொடைக் கதை வரவேண்டும். 'இலாபத்தில் 10 வீதம்' என்பதை வெட்டிவிட்டு, 'விற்கும் ஒவ்வொரு பைக்கும் 25 ரூபா' என்று போடச் சொல்லுங்கள். எல்லாம் விற்றால் 75,000. எத்தனை விற்றாலும் குறைந்தது 40,000 கொடுப்போம் என்று ஒரு வரியும் வேண்டும். தொகையை நீங்கள் பேசிக் கூட்டிக் குறைக்கலாம், பைக்கு இவ்வளவு என்று பையிலேயே எழுதுவதை மட்டும் விடாதீர்கள். வாங்குகிறவருக்கும் அதுதான் மரியாதை.

அந்தக் காசு எங்கே போகும் என்பதும் பெயரோடு வரவேண்டும். 'எயிட்ஸ் ஒழிப்பு' என்பது ஒரு முகவரி இல்லை. புரொடக்ட் ரெட்டை எவ்வளவு திட்டினாலும், கொம்பனியின் காசு நேராகக் கணக்காய்வு உள்ள ஒரு நிதியத்துக்குப் போகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே என்னைக் கேட்டால், எச்.ஐ.வியோடு வாழ்கிறவர்கள் தாங்களே நடத்துகிற, பதிவுள்ள அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்கச் சொல்வேன், கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் காசுக்கென்று குறித்து. மருந்து இலவசம், பயணம் இலவசம் இல்லை. வைத்தியசாலைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் பணிப்பாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எப்படியானாலும் காசு உங்கள் சங்கக் கணக்குக்குள் வரவேண்டாம். வந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்வது நீங்கள்தான், உங்கள் சங்கத்துக்கு அந்தத் தலையிடி தேவையில்லை. பற்றுச்சீட்டின் பிரதி ஒன்று மட்டும் கேளுங்கள்.

ரிபனைப் பற்றி ஒரு விசயம், கொம்பனிக்குச் சொல்ல உதவும். அந்தச் சிவப்பு ரிபனை 1991 இல் நியூயோர்க்கில் சில கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள், யாருக்கும் சொந்தமில்லாமல் வேண்டுமென்றே விட்டார்கள். யாரும் போடலாம். 'ரெட்' என்ற அந்த வணிகச் சின்னம் அப்படியில்லை, அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. சுகாதார அமைச்சு ஆதரிப்பது போன்ற தோற்றமும் வரக்கூடாது.

பையில் வாசகம் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்றால் நான் சொல்வது இதை: 'எச்.ஐ.வி பரிசோதனை அரச வைத்தியசாலைகளின் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம். இரகசியம் காக்கப்படும். மருந்தும் இலவசம்.' தமிழிலும் சிங்களத்திலும். பையின் உள்பக்கத்தில், பொக்கற்றுக்கு மேலே தைத்துவிடுங்கள். வெளியே இருந்தால் சிலர் பையைத் தூக்க வெட்கப்படுவார்கள். உள்ளே இருந்தால் காசு எடுக்கும்போது தனியாக வாசிப்பார்கள். இது கொம்பனிக்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை, லேபிள் எப்படியும் அடிக்கத்தானே போகிறார்கள்.

கையொப்பம் வைக்க முதல் இரண்டு ஒப்பந்தத்தையும் உங்கள் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். சங்கக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானமாகக் கூட்டக் குறிப்பில் எழுதி, தலைவியும் பொருளாளரும் சேர்ந்து வையுங்கள், தனியாக வைக்காதீர்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வந்தால் தமிழ்ப் பிரதி தரும் மட்டும் காத்திருக்கலாம்.

கொம்பனி இரண்டாவது ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்காவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். 120 ரூபாவுக்குப் பையைத் தைத்துக் கொடுங்கள், லேபிளில் சங்கத்தின் பெயரோ ஊரோ வராது என்று முதல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 120 க்கும் சம்மதிக்காவிட்டால், பள்ளிக்கூடங்கள் ஜனவரிக்குச் சீருடை தைக்கக் கொடுக்கிற காலம் வருகிறது. இப்பவே போய் அதிபர்மாரைக் கண்டு வையுங்கள்.